நம்பாத முகம் ஒன்று தேவை

மரியாதைக்கும் அன்புக்கும் அதே வரிசையில் உரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நலம் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துக் கொஞ்சம் யோசித்தேன். எனக்கு முழங்கால் வலி, அவளுக்கு ஜலதோஷம்; ஆனால் முதல் வரியிலேயே அதையெல்லாம் கொட்டுவது முறையாகாது என்பதால் நலம் என்பதே நிற்கட்டும். அங்கே நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த 'நம்புகிறேன்' என்ற சொல்லை நான் இப்போதெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சனிக்கிழமை நீங்கள் வந்து ஒரு வாரம் தங்கப் போவதாக உங்கள் தங்கை சொன்னாள். மிக்க மகிழ்ச்சி. மகிழ்ச்சியோடு சேர்ந்து ஒரு பயமும் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பயத்தை விளக்கத்தான் இந்தக் கடிதம். நீங்கள் வண்டி ஏறுவதற்கு முன்பே இது உங்கள் கைக்குக் கிடைத்துவிட வேண்டும். அகராதிக் குறிப்பானாலும் மளிகைச் சீட்டானாலும், நான் எழுதும் எதுவும் உங்கள் தங்கை படித்துப் பிழை திருத்திய பிறகுதான் வீட்டு வாசலைத் தாண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. எழுதி முடித்ததை அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைப்பேன். அது திருத்தத்தோடு திரும்பி வரும். இந்த ஒரு கடிதம் மட்டும் அந்த வழியாகப் போகாது. ஆகவே பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பதிப்பகத்துக்காக ஆங்கிலம்-தமிழ் அகராதி எழுதும் குழுவில் என்னையும் ஓர் ஓரமாகச் சேர்த்திருக்கிறார்கள் அல்லவா? அதில் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கண்ணால் பார்க்காத சொல்லுக்குப் பொருள் எழுதுவதில்லை. வேறு அகராதிகளைப் பார்த்து எழுதினால் அவர்களுடைய பிழையும் கூடவே குடிவந்துவிடும் என்ற பயம்தான் காரணம், பெருமைக்காகச் சொல்லவில்லை. நொண்டி நடப்பதைக் குறிக்கும் சொல் வந்தபோது, காலில் கட்டுப் போட்ட ஒருவருக்குப் பின்னால் கடைத்தெரு முழுவதும் நடந்தேன். அவர் திரும்பி, "என்ன சார் வேணும் உங்களுக்கு?" என்றார். "உங்க நடைதான்" என்றேன். அதற்கு அவர் சொன்ன சொல் எங்கள் அகராதியில் சேர்க்கக் கூடியது அல்ல. வழுக்கலுக்கான சொல்லைக் குளியலறையில் நானே, திட்டமிடாமல், முடித்துக் கொடுத்தேன். இப்படியே தட்டுத் தடுமாறி ஒன்பதாவது எழுத்து வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே ஒரு சொல் என் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டது.

அந்தச் சொல் 'இன்கிரெடுலஸ்'. காதில் விழுந்ததை நம்ப மாட்டாமல் நிற்கும் ஆளைக் குறிப்பது. ஆளைத்தான், செய்தியை அல்ல. செய்திக்கு அதன் ஒன்றுவிட்ட அண்ணன் போல 'இன்கிரெடிபிள்' என்று வேறு ஒரு சொல் இருக்கிறது, அதை முந்தின பக்கத்திலேயே முடித்துவிட்டேன், அதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை, ஏனென்றால் நம்ப முடியாத செய்திகள் தினமும் வீடு தேடி வருகின்றன. இது கேட்டவருடைய சொல். அவருடைய பார்வைக்கும் குரலுக்கும், ஏன், சிரிப்புக்கும்கூடப் பொருந்தும். தமிழில் இதற்கு என்ன எழுதுவது? 'நம்பாத' என்று எழுதினால் பிறந்ததிலிருந்தே எதையும் நம்பாதவர் என்று ஆகிறது. 'நம்பிக்கையற்ற' என்றால் வாழ்க்கை வெறுத்தவர். 'சந்தேகப்படுகிற' என்று போட்டால் காவல் நிலையத்து வாடை அடிக்கிறது. இந்தச் சொல்லுக்குள் இருப்பது ஒரே ஒரு கணம்தான், மச்சான். காதுக்குள் நுழைந்த ஒன்று மனசுக்குள் போக மறுத்து, முகத்திலேயே உட்கார்ந்துவிடுகிற கணம். அந்தக் கணத்தில் புருவம் ஏறுமா, சுருங்குமா? வாய் திறக்குமா, இறுகுமா? யோசித்துப் பார்த்தால், அறுபத்தொன்பது வயதுக்கு நான் அப்படி ஒரு முகத்தை நேருக்கு நேராகப் பார்த்ததே இல்லை. காரணம் உங்களுக்கே தெரியும். யாரிடம் பேசினாலும் நான் தரையைப் பார்த்தே பேசுகிறவன். காலணிகளைப் பற்றிய அகராதி என்றால் இந்நேரம் முடித்திருப்பேன்.

கண்ணாடி முன் நின்று எனக்கு நானே ஒரு பெரிய பொய் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்தவர் அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை, பயந்தார். அதனால் வெளியே இறங்கினேன். மருந்துக்கடைக்காரரிடம் மாத்திரை வாங்கும்போது, "எனக்கு வர்ற மாசம் நூத்தி நாலு வயசு முடியுது" என்றேன். சொல்லிவிட்டுக் கஷ்டப்பட்டு அவர் மோவாய் வரைக்கும் பார்வையை உயர்த்தினேன். அவர், "பாத்தாலே தெரியுது சார், மாத்திரைய ஒருநாள்கூட விட்டுடாதீங்க" என்று பையில் போட்டுக் கொடுத்தார். அஞ்சலகத்தில் முத்திரை குத்துகிறவரிடம், நான் வாலிபத்தில் கடலை நீந்திக் கடந்தவன் என்று சொன்னேன். அவர் தலையைத் தூக்காமல், "நல்லது சார், கொஞ்சம் நகருங்க, பின்னால நிக்கறாங்க" என்றார். இரண்டு நாள் இப்படி ஊரெல்லாம் பொய் சொல்லிக்கொண்டு திரிந்து, கால் வீங்கி வீடு திரும்பியபோது ஒன்று புரிந்தது. ஒருவர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்குக்கூட அவர்மேல் கொஞ்சம் அக்கறை வேண்டும். அக்கறை இல்லாதவர்கள் எதையும் நம்பிவிடுகிறார்கள்.

இதற்கிடையில் பதிப்பாசிரியர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், அந்தப் பக்கம் உங்க ஒரு வார்த்தைக்காக நிக்குது. அச்சகத்துல சத்தம் போடறாங்க." "நாளைக்குத் தந்துடறேம்மா" என்றேன். "நாளைக்கா சார்?" என்றார். அந்த 'நாளைக்கா'வில் நான் தேடியது அத்தனையும் இருந்தது, மச்சான்! ஆனால் முகம் தெரியவில்லையே. "இன்னொரு தடவ அப்படியே சொல்லுங்கம்மா" என்று கேட்டேன். "உடம்பு ஏதும் சரியில்லையா சார்?" என்றார். அது வேறு குரலாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு மேல்வீட்டில் இருப்பவரை நீங்கள் போனமுறை வந்தபோது கேட்டிருக்கிறீர்கள்; பார்த்திருக்க மாட்டீர்கள். உடற்பயிற்சிக்கூடத்தில் பயிற்சியாளர். குரலை வைத்துக் கட்டடத்தில் எல்லோரும் அவரைப் பீரங்கி என்றுதான் சொல்வார்கள். அவர் குளிக்கும் தண்ணீர் எங்கள் கூரை வழியாக என் மேசைமேல் சொட்டும். சொட்டத் தொடங்கிப் பல மாதங்களாகிவிட்டன. முதலில் மேசையை நகர்த்தினேன், சொட்டும் நகர்ந்தது. பிறகு வாளி வைத்தேன். வாளியில் விழும் ஒவ்வொரு சொட்டுக்கும் என் தோள் துள்ளியது. கடைசியில் நாற்காலியின் முதுகில் ஒரு குடையை விரித்துக் கட்டி, அதன் அடியில் உட்கார்ந்து அகராதி எழுதப் பழகிக்கொண்டேன். உங்கள் தங்கை தேநீர் கொண்டுவரும்போதெல்லாம் குனிந்து குடைக்குள் எட்டிப் பார்த்து ஒன்றையே சொல்வாள்.

"இத்தனை ஆயிரம் வார்த்தைக்கு அர்த்தம் எழுதறீங்க. மேல போய் அந்த ஆள்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடியாதா உங்களால?"

"சொல்லலாம். சமயம் பார்த்துத்தான் சொல்லணும்."

"சமயம் பாத்துப் பாத்துக் குடை வெளுத்துப் போச்சு. வேற வாங்கணும்."

இதில் உள்ள நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மேலே போவது என்பது வேறு விஷயம். ஒருமுறை பாதிப் படி வரை போனேன். மேலே அவர் யாரிடமோ அன்பாகப் பேசிக்கொண்டிருந்தார். அன்பே அவ்வளவு சத்தமாக இருந்தால் கோபம் எப்படி இருக்கும் என்று நினைத்துக் கீழே வந்துவிட்டேன்.

போன வாரம் ஒரு மாலை அடுக்களை வாசலில் நின்றேன். அவள் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். அக்கறை உள்ளவரிடம்தான் சோதனை நடக்கும் என்று கண்டுகொண்ட பிறகு, என்மேல் அக்கறை உள்ளவர் யார் என்று தேட வெளியே போக வேண்டியதில்லை அல்லவா? நம்பவே முடியாத ஒன்றாகச் சொல்ல வேண்டும். என்னைப் பொறுத்தவரை அதைவிட நம்ப முடியாத ஒன்று உலகத்தில் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னேன்: "நான் மேல போனேன். அந்தப் பீரங்கியைக் கூப்பிட்டு நிக்க வெச்சு நல்லா நாலு கேள்வி கேட்டேன். இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணலைன்னா நடக்கறதே வேறன்னு சொல்லிட்டு வந்தேன்."

கரண்டிச் சத்தம் நின்றது. நான் மெதுவாகக் கண்ணைத் தூக்கினேன். அதற்குள் அவள் முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க. சந்தோஷம்" என்றாள். குரல் தழுதழுத்தது.

நம்பிவிட்டாள், மச்சான். அழும் அளவுக்கு நம்பிவிட்டாள். நாற்பது வருடமாக அவளிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பதால் வந்த வினை. சிரித்துவிட்டு, 'சோதனைக்காகச் சொன்னேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அவள், "உக்காருங்க, முதல்ல உங்களுக்குச் சூடா ஒரு டீ போட்டுத் தரேன்" என்றாள். 'உங்களுக்கு' என்று அவள் சொன்ன விதம் இருக்கிறதே, அதில் ஒரு கனம் இருந்தது. திருமணமாகி வந்த புதிதில்கூட அந்தக் கனத்தை நான் கேட்டதில்லை. உட்கார்ந்து குடித்துவிட்டேன். அங்கேதான் தவறினேன்.

மறுநாள் காலை அவள் மாடியில் உலர்த்திய துணியை எடுக்கப் போனவள் வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினாள். அவள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் கதவு அதிர்ந்தது. திறந்தால் பீரங்கி. பின்னால் பையோடு குழாய்க்காரர். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கதவு விழாமல் இருக்க அல்ல.

"சார், தப்பு என்னோடதுதான்" என்றார் பீரங்கி. "நேத்து நீங்க மேல வந்து நாலு கேள்வி கேட்டீங்களே, ஒண்ணொண்ணும் நியாயமான கேள்வி. பெரியவங்க வாயத் தொறந்து கேக்கற அளவுக்கு நான் விட்டிருக்கக் கூடாது. இனிமே நடக்காது. சரிங்களா?"

இதைச் சொல்லும்போது அவர் பார்வை என் தலைக்கு மேலாக அடுக்களைப் பக்கமே இருந்தது. கடைசியாகக் கேட்ட 'சரிங்களா' எனக்குப் பின்னால் யாரிடமோ கேட்டது போல இருந்தது. நான் அப்போது அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. ஒரு பொய்யில் வருகிற ஆளே நேரில் வந்து 'ஆமாம், நடந்தது' என்று சாட்சி சொன்னால், சொன்னவன் என்ன செய்வான்? தூக்கக் கலக்கத்தில் கனவு கண்டிருப்பார் என்று நினைத்தேன். பிறகு, ஒருவேளை நானே போயிருப்பேனோ என்று சந்தேகம் வந்தது. படிக்கட்டுக் கைப்பிடியின் குளிர்ச்சிகூட உள்ளங்கையில் ஞாபகம் வந்தது. சாயங்காலத்துக்குள் சொட்டு நின்றுவிட்டது. நான் இன்னும் குடைக்கு அடியில்தான் எழுதுகிறேன்; அது இல்லாமல் சொல் வரமாட்டேன் என்கிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். மறுநாள் கீழ்வீட்டுத் தையற்காரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்துவிட்டார். "அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க சார். பீரங்கிக்கே வெடி வெச்சிட்டீங்களாமே! இத்தனை நாளா இந்தத் தைரியத்த எங்க சார் ஒளிச்சு வெச்சிருந்தீங்க? படிக்கட்டுல விளக்கு எரிஞ்சு வருஷக்கணக்காச்சு, வாடகை வாங்கற வீட்டுக்காரர்ட்ட நீங்க ஒரு அதட்டு அதட்டினாப் போதும்." அதட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல நினைத்தேன். உங்கள் தங்கை பக்கத்தில் நின்று, "இவர் போவார், கவலப்படாதீங்க" என்றாள். போனேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். நான் தொண்டையைச் செருமினேன்; சளிதான். உடனே அவர், "இன்னைக்கே விளக்கு போட்டுடறேன் சார், நீங்க கோவப்படாதீங்க, ரத்தக் கொதிப்பு வந்துடப் போகுது" என்று கும்பிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தேன். ஆனால் தையற்காரம்மா ஊரெல்லாம் சொன்னது என்னவென்றால், 'சார் ஒரு தடவ செருமினார், அவ்வளவுதான்' என்பது.

அதிலிருந்து ஓயவில்லை. வாசலை மறித்து வண்டி நிறுத்துகிறவரிடம் போய் நில்லுங்கள் என்கிறார்கள். சும்மா நிற்கிறேன், வண்டியை எடுத்துவிடுகிறார். மூன்றாம் வீட்டு நாயின் எஜமானரிடம் பேசுங்கள் என்கிறார்கள். நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. கட்டடத்திலேயே என்னைச் சரியாகப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான். வீரம் என்பது இவ்வளவு படி ஏறி இறங்கும் வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, மச்சான். கோழையாக இருந்தபோது முழங்கால் இவ்வளவு வலித்ததில்லை. மத்தியானம் கொஞ்சம் கண்ணயர முடியவில்லை. யாராவது ஒரு குறையோடு வந்து கதவைத் தட்டிவிடுகிறார்கள். இதற்கெல்லாம் மேலே, வருகிற திங்கட்கிழமை தண்ணீர் அலுவலகத்துக்கு நான் போக வேண்டுமாம். எங்கள் தெருக்குழாயில் பல நாளாகத் தண்ணீர் வருவதில்லை. அங்கே இருக்கும் அதிகாரி, மனுக் கொடுக்கப் போகிறவர்களை வாசலிலேயே விரட்டுகிறவராம். 'உங்களை விட்டா வேற ஆள் இல்லை' என்று கட்டடமே ஒரு முகமாகச் சொல்லிவிட்டது. சொல்லின் பொருள் இன்னும் எழுதியபாடில்லை. ஒருவர்கூட என்னை நம்பாமல் பார்க்க மாட்டேன் என்கிறார்களே, நான் என்ன செய்வது!

உண்மையைச் சொல்லி முடித்துவிடலாமே என்பீர்கள். சொல்லலாம். தையற்காரம்மாவிடம் சொல்லலாம், வீட்டுக்காரரிடம் சொல்லலாம். உங்கள் தங்கையிடம் சொல்ல முடியாது. அவள் இப்போது வேலை செய்யும்போது தனக்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாள். யாரிடமாவது என்னைப் பற்றிப் பேசும்போது 'இவர்' என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துகிறாள். நாற்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்தவளுக்கு ஒரு தரமாவது பெருமைப்பட ஒன்று கிடைத்திருக்கிறது. அது பொய் என்று தெரிந்தால் அவள் முகம் என்ன ஆகும்? அந்த முகத்தைப் பார்க்க எனக்கு எந்த அகராதியும் வேண்டாம்.

இங்கேதான் உங்கள் வருகை எனக்குக் கிலியாக இருக்கிறது. நீங்கள் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்புகளை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தவர். எரிந்துபோன கிடங்குக்கு இழப்பீடு கேட்டு வந்தவரிடம், சாம்பலை எடை போட்டுக் கொண்டுவரச் சொன்னவர். எனக்கு நிரந்தர வேலை என்று உங்கள் வீட்டில் சொன்னபோது, என் அலுவலகத்துக்கே நேரில் வந்து, இழுப்பறையில் என் சாப்பாட்டு டப்பா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தங்கையைக் கொடுத்தவர். சனிக்கிழமை நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கதையைத் தொடங்கிவிடுவாள். நீங்களும், "யாரு? இவரா? மேல போனாரா? பாத்தது யாரு?" என்று கேட்டுவிடுவீர்கள். மூன்றாவது கேள்விக்கு நான் தாங்க மாட்டேன்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். அவள் எதிரில் தயவுசெய்து என்னை நம்புங்கள். அதாவது, நம்பியது போல இருங்கள். தொழில் தர்மத்துக்கு விரோதம் என்று தெரியும். ஒரே ஒரு வாரம். பிறகு, அவள் கடைக்குப் போகும் நேரம் பார்த்து, என்னைத் தனியாக உட்கார வைத்து, உங்கள் பழைய முகத்தோடு ஒருமுறை என்னைப் பாருங்கள். நாற்பது வருடமாக நீங்கள் என்னை அப்படித்தான் பார்த்து வருகிறீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான்தான் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. இந்த முறை எப்படியாவது நிமிர்ந்து பார்த்து, புருவம், உதடு, கழுத்தின் சாய்வு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, பதிப்பாசிரியர் அம்மாவுக்கு அனுப்பிவிடுகிறேன். அகராதியின் முன்னுரையில் உங்களுக்கு நன்றி சொல்ல முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கிறேன்; அநேகமாக முடியாது.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் இருவருடைய ஆசியும். உங்கள் இடுப்பு வலி குறைந்து, பயணம் அலுப்பில்லாமல் முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: மேலே எழுதிய அனைத்தையும் தள்ளுபடி செய்துவிடக் கோருகிறேன். இவ்வளவு நீளமாக எழுதிய களைப்பில், என் கை தன் பழக்கத்திலேயே போய்க் கடிதத்தை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்துவிட்டது. நான் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் உங்கள் தங்கை முழுவதையும் படித்து முடித்திருந்தாள். "ரெண்டு எடத்துல ஒற்று விட்டுப் போச்சு, போட்டுட்டேன்" என்றாள். பிறகு சொன்னாள்: "ஏங்க, நீங்க மேல போகலைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மேல ஏறி இறங்கியிருந்தா முட்டியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. மூச்சு வாங்காம வந்து நிக்கறீங்க. கையப் பின்னால கட்டிக்கிட்டு, ஒப்பிக்கற மாதிரி வேற. நாப்பது வருஷத்துல எங்கிட்ட சொன்னது ஒரே பொய். அதையாவது ஒழுங்கா சொல்லியிருக்கலாம்."

"தோள் குலுங்கிச்சே? அழுதியே?"

"சிரிப்ப அடக்கினேன். உங்க மூஞ்சிக்கு நேரா சிரிச்சா வாடிப் போயிடுவீங்க."

துணி எடுக்கப் போன காலையில் அவள்தான் பீரங்கி வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். நாலு கேள்வியும் அவள் கேட்டதுதான். கடைசியில், 'இவர் வந்து உங்களைத் திட்டினதா சொல்லியிருக்கார் தம்பி, திட்டு வாங்கினதா நீங்களும் ஒத்துக்கணும்' என்றும் சொல்லியிருக்கிறாள். "அவரா? என்னையா? அப்படின்னு அந்த ஆளு பாத்தாரு பாருங்க ஒரு பார்வை! நீங்க அதப் பாத்திருக்கணும்" என்றாள். நான் அவசரமாகப் பேனாவை எடுத்து, புருவம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்காரரிடமும் அவள் முன்கூட்டியே பேசியிருந்தாளாம். வண்டிக்காரரிடமும்தான். நாயிடம் மட்டும் பேசவில்லை.

"எதுக்கு இதெல்லாம் பண்ணினே?" என்றேன். அவள் கடிதத்தை நான்காக மடித்துக்கொண்டே, "பொய்யாவது சொல்லணும்னு துணிஞ்சீங்களேன்னு இருந்துச்சு. அத வீணாக்க மனசு வரல" என்றாள். மடித்ததை என் கையில் கொடுத்துவிட்டு, "திங்கக்கிழமை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. தண்ணி ஆபீஸ்ல எனக்கு யாரையும் தெரியாது. உங்களுக்கு ஜுரம்னு எல்லார்ட்டயும் நானே சொல்லிடறேன்" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். "நான் போறேன். தனியாப் போய் அந்த அதிகாரியப் பாத்துக் கேட்டுட்டு வரேன்."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சோதனைக்காகச் சொல்லவில்லை, அது நிச்சயம். சொல்லிவிட்டு, மச்சான், நான் தரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தேன். அவள் இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை. இடது புருவம் மட்டும் மேலே போனது. உதடு ஒரு ஓரமாக மடிந்தது. கழுத்து லேசாகச் சாய்ந்தது. இவ்வளவும் நான் எதிர்பார்த்ததுதான். கண்ணில் இருந்ததைத்தான் நான் எந்த அகராதியிலும் படித்ததில்லை. இது பொய்யாக இருந்துவிடக் கூடாதே என்கிற ஆசை அங்கே இருந்தது. உடனே குடைக்கு அடியில் போய் உட்கார்ந்து எழுதிவிட்டேன். பொருள்: கேட்டதை நம்ப மாட்டாமலும், நம்பிவிட ஆசைப்பட்டும் நிற்கிற. எடுத்துக்காட்டு: 'நான் தனியாகப் போகிறேன்' என்று கணவர் சொன்னதும் மனைவி நம்பமாட்டாமல் அவரைப் பார்த்தாள். பதிப்பாசிரியர் அம்மாவுக்குத் தொலைபேசியிலேயே படித்துக் காட்டினேன். ஆசைப்படுவதை மட்டும் எடுத்துவிடலாமா சார் என்றார். முடியாது என்றேன். 'முடியாது' என்ற சொல்லை இதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஆகவே உங்கள் முகம் இனி அகராதிக்குத் தேவைப்படாது. உங்கள் வசதிப்படி எந்த முகத்தோடும் வரலாம். இந்தக் கடிதத்தையும் அனுப்பத்தான் வேண்டும் என்கிறாள், அண்ணனும் சிரிக்கட்டும் என்று. திங்கட்கிழமை காலை தண்ணீர் அலுவலகத்தின் வாசல் வரை எனக்குத் துணையாக வந்தால் உதவியாக இருக்கும். உள்ளே நான் தனியாகப் போவேன். நீங்கள் நம்பப் போவதில்லை என்று தெரியும். பரவாயில்லை. வாசலில் என்னை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படியே பாருங்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்.